பெங்களூராவுக்கு எந்த ஹாப்ஸ், அல்போன்சாவுக்கு எது

எங்கள் ஊர்ப் பக்கம் 'காய்ச்சுகிறான்' என்று சொன்னாலே ஆட்கள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பீர் காய்ச்சுவது பெங்களூரில், லைசென்ஸ் உள்ள ஒரு ப்ரூ பப்பில் (அங்கேயே பீர் காய்ச்சி அங்கேயே விற்கிற பார்), மாதச் சம்பளத்துக்கு. வீடு கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டினம். வாரத்தில் ஐந்து நாள் அங்கே, இரண்டு நாள் இங்கே. தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் இடம் தராது, 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆகவே அத்திப்பள்ளியைத் தாண்டி இங்கிருந்து அங்கே போவது மாங்கூழ் மட்டும். அங்கிருந்து இங்கே வருவது நானும் என் அழுக்குத் துணி மூட்டையும்.

விஷயத்துக்கு வருகிறேன். வருடா வருடம் மாம்பழ சீசனில் நாங்கள் மாம்பழக் கோதுமை பீர் போடுவோம், ஒரு தடவைக்கு 500 லிட்டர். கூழ் நான் கிருஷ்ணகிரியிலிருந்து கொண்டுபோவது, பெங்களூரா, அல்போன்சா என்ற இரண்டு மாம்பழ ரகத்தில். அதற்கு எந்த ஹாப்ஸ் போடுவது என்று வருடா வருடம் சண்டை. ஹெட் ப்ரூவருக்கு ஒரு கட்சி, எனக்கு ஒரு கட்சி, பணம் கொடுக்கிற முதலாளிக்கு 'எது சீப்பு' என்ற மூன்றாவது கட்சி. இரண்டு சீசன் சொதப்பி, மூன்றாவது சீசனில் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தோம். இதே வேலையில் இருக்கிறவர்கள், அல்லது பெங்களூர் பப்பில் மெனுவைப் பார்த்து 'சிட்ரா, மொசைக்' என்றெல்லாம் போட்டிருக்கிறதே, என்ன எழவு அது என்று யோசித்தவர்கள், இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இது.

ஹாப்ஸ் தெரியாதவர்களுக்கு: அது ஒரு கொடியின் பெண் பூ. செதில் செதிலாக அடுக்கிய சின்னப் பச்சைக் கூம்பு, உள்ளே மகரந்தம் மாதிரி மஞ்சள் பிசுக்கு. லூபுலின் என்பார்கள். பீரின் கசப்பும், வாசனையில் பாதியும் அந்தப் பிசுக்கில்தான் இருக்கிறது. கஞ்சாவுக்குப் பங்காளிச் செடி, ஒரே குடும்பம், ஆனால் அந்தப் போதை கிடையாது. பையில் பச்சைக் குருணைப் பாக்கெட்டோடு ராத்திரி பஸ்ஸில் ஊருக்கு வருகிறவனுக்கு இந்த உறவுமுறை அவ்வளவு நிம்மதி தருவதில்லை. நம் கைக்குக் கிடைப்பது பூவாக இல்லை, காயவைத்து அரைத்து அழுத்திய பெல்லட்டாக. மாட்டுத் தீவனம் பார்த்திருக்கிறீர்கள் இல்லையா, அதையே பாதி தடிமனுக்கு, நல்ல பச்சை நிறத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

'இதையே நம்ம தளியில போட்டா வராதா, அங்கதான் குளுகுளுன்னு இருக்குதே' என்று என் சித்தப்பா கேட்டார். மாங்காய் மண்டி வைத்திருக்கிறவர், எதைப் பார்த்தாலும் ஏக்கருக்கு எவ்வளவு என்றுதான் கேட்பார். குளிர் மட்டும் போதாது. ஹாப்ஸ் கொடிக்குக் கோடையில் நீண்ட பகல் வேண்டும், பிறகு குளிர்காலத்தில் அடங்கித் தூங்கவும் வேண்டும். செக் நாட்டு ஜாட்டெஸ் ஏறக்குறைய 50 டிகிரி வடக்கில் இருக்கிறது, ஜூனில் அங்கே பகல் 16 மணி நேரம். நமக்கு வருடத்தின் மிக நீளமான பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. இந்தியாவுக்குள் ஹிமாச்சலில் லாஹவுல் பள்ளத்தாக்கில் விளைவித்திருக்கிறார்கள். பப்புகளுக்கு வருவதில் பெரும்பகுதி ஜெர்மனி, செக், அமெரிக்கா, ஆஸ்திரேலியா சரக்குதான். சித்தப்பா அதோடு விட்டுவிட்டார்.

கசப்புக்கு எது என்பதை வேகமாக முடித்துவிடலாம், அதில் சண்டையே இல்லை. ஹாப்ஸில் ஆல்ஃபா அமிலம் இருக்கிறது. கொதிக்கிற வோர்ட்டில், அதாவது மால்ட் என்கிற முளைகட்டிய தானியம் ஊறின இனிப்புத் தண்ணீரில், ஒரு மணி நேரம் கிடந்தால் அது உருமாறிக் கசப்பாகிறது. அதே ஒரு மணி நேரத்தில் வாசனை எண்ணெய் எல்லாம் ஆவியோடு போய்விடும். ஆக, கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸில் வாசனையைத் தேடிக் காசு கொடுப்பது வீண். எங்கள் பீருக்கு 15 ஐபியு போதும், ஐபியு என்பது கசப்பை அளக்கிற அலகு. லிட்டருக்கு 15 மில்லிகிராம் என்றால் 500 லிட்டருக்கு ஏழரை கிராம் கசப்புப் பொருள். போட்ட ஆல்ஃபாவில் கால்வாசிதான் பீரில் நிற்கும் என்று வைத்துக்கொண்டால் 30 கிராம் ஆல்ஃபா வேண்டும். மேக்னம் என்ற ஜெர்மன் ஹாப்ஸ் ரகத்தில் 12 சதவீத ஆல்ஃபா, கால் கிலோவில் வேலை முடிந்தது. இதையே மூன்றரை சதவீதம் இருக்கிற சாஸ் என்ற செக் ரகத்தில் செய்யப் போனால் முக்கால் கிலோவுக்கும் மேலே, சுமார் 860 கிராம். அவ்வளவு இலைதழை கெட்டிலின் அடியில் சகதியாகச் சேர்ந்து, அதில் எத்தனை லிட்டர் பீரைக் குடித்துவிடும் என்று கெட்டில் கழுவுகிற பையனைக் கேளுங்கள். மேக்னம், கால் கிலோ. அடுத்த விஷயம்.

இல்லை, ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். 15 ஐபியு ஏன், 30 ஏன் இல்லை என்றால், கூழில் இருக்கிற சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடும். 50 கிலோ கூழில் ஏழரை கிலோ சர்க்கரை இருக்கிறது என்றால் அவ்வளவும் காலி. மாம்பழ பீர் என்றதும் ஜூஸ் மாதிரி தித்திக்கும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் முதல் மடக்கிலேயே முகம் சுளிப்பது இதனால்தான். இனிப்பு போன பிறகு மாம்பழத்தில் மிச்சம் இருப்பது வாசனையும் கொஞ்சம் புளிப்பும். அதன்மேல் கசப்பைக் கூட்டினால், பழத்தைத் தோலோடு கடித்துச் சாப்பிடுகிற உணர்வு வந்துவிடுகிறது, அந்தத் தோலடியில் இருக்கிற துவர்ப்பும் கசப்பும். முதல் சீசனில் ஹெட் ப்ரூவர் 25 வைத்தார். 'இதுல மாங்கொட்டையும் சேர்த்து அரைச்சுட்டீங்களா' என்று ஒருவர் கேட்டார்.

சரி, வாசனை. மொத்தச் சண்டையும் இங்கேதான்.

வாசனைக்கு ஹாப்ஸ் போடுவது கடைசியில். கொதி நின்ற பிறகு, அல்லது பீர் நொதித்து முடிகிற நேரத்தில் தொட்டியிலேயே நேராகக் கொட்டி மூன்று நான்கு நாள் ஊறவைப்பது. இதற்குப் பெயர் ட்ரை ஹாப்பிங். எங்கள் கணக்கு லிட்டருக்கு 3 கிராம், 500 லிட்டருக்கு ஒன்றரை கிலோ. கடைத்தெருவில் ஒன்றரை கிலோ பெரிய அளவு இல்லை, ஆனால் பெயர் பெற்ற அமெரிக்க ரகங்களின் விலையில் ஒன்றரை கிலோ என்றால் முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

பரிசீலனையில் இருந்தவை ஆறு. செக் நாட்டு சாஸ், அமெரிக்காவின் கேஸ்கேட், சிட்ரா, மொசைக், ஜெர்மனியின் மாண்டரினா பவேரியா, ஆஸ்திரேலியாவின் கேலக்ஸி. தேங்காய் வாசனை அடிக்கிற சப்ரோ என்று ஒரு ரகம் 2018-இல் வந்தது, அதையும் ஹெட் ப்ரூவர் கேட்டார். மாம்பழத்தோடு தேங்காய் என்றால் எனக்குப் பாயசம்தான் ஞாபகம் வருகிறது, பீர் வரவில்லை. தள்ளிவிட்டேன்.

பாக்கெட்டில் போட்டிருக்கிற வர்ணனையை நம்பி முடிவெடுக்கக் கூடாது, இது என் முதல் பாடம். சிட்ரா பாக்கெட்டில் கிரேப்ஃப்ரூட், லிச்சி, எலுமிச்சை, மாம்பழம் என்று ஒரு பழக்கடையே எழுதியிருக்கும். மாம்பழ பீருக்கு மாம்பழ வாசனை ஹாப்ஸ், இதைவிட என்ன வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. இரண்டாவது சீசனில் நல்ல அல்போன்சா கூழ் வாங்கி, அதில் சிட்ராவை லிட்டருக்கு 5 கிராம் கொட்டினோம். வாசனை ஊரைத் தூக்கியது, பொய் சொல்லவில்லை. ஆனால் டம்ளரில் இருப்பது பழமா ஹாப்ஸா என்று காய்ச்சின எனக்கே தெரியவில்லை. டப்பாவில் வருகிற மாம்பழ ட்ரிங்க் பவுடர் மாதிரி ஒரு வாசனை. கிருஷ்ணகிரியிலிருந்து தூக்கிச் சுமந்து கொண்டுபோன அல்போன்சா இருந்த இடமே தெரியவில்லை. அதற்குப் பேசாமல் பெங்களூராவே போட்டிருக்கலாம்.

வெளியூர்க்காரர்களுக்கு: பெங்களூரா என்று நான் சொல்வது ஊர் இல்லை, மாங்காய். நுனி வளைந்து கிளிமூக்கு மாதிரி இருக்கும், தோத்தாபுரி என்றும் சொல்வார்கள். எங்கள் மாவட்டத்து மாங்கூழ் ஃபேக்டரிகளில் மலை மலையாகக் குவிந்து கிடப்பது அதுதான். சதைப்பிடிப்பு உண்டு, விலை குறைவு, வாசனை சுமார். அல்போன்சா வாசனைக்கென்றே பிறந்தது, கூழில் இனிப்பும் கூடுதல், விலையும் அப்படி. அதனால்தான் ஜூஸ் போடுகிறவர்கள் பெங்களூராவை அடித்தளமாக வைத்து அல்போன்சாவைக் கொஞ்சம் கலப்பார்கள். எங்கள் கேள்வியே இதனால்தான் இரண்டாகப் பிரிந்தது. எந்த ஹாப்ஸ் நல்லது என்று கேட்பதில் அர்த்தமில்லை, எந்தக் கூழுக்கு எந்த ஹாப்ஸ் என்று கேட்க வேண்டும்.

இதை எனக்குப் புரியவைத்தது, சொன்னால் சிரிப்பீர்கள், எங்கள் அம்மா. பீரைக் கையாலும் தொடமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு ரகத்திலும் ஒரு பிடி ஜிப் கவரில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்திருந்தேன். நான்கு பெல்லட்டை உள்ளங்கையில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்தால் சூடேறிப் பொடியாகும், கை பச்சையாகிப் பிசுபிசுக்கும், அப்போது மூக்கருகே கொண்டுபோனால்தான் உண்மையான வாசனை தெரியும். சிட்ராவைத் தேய்த்து நீட்டினேன். அம்மா ஒரே இழுப்பில், 'இது மாங்கா இஞ்சிடா' என்றார். அப்புறம் இன்னொரு தடவை மோந்துவிட்டு, 'காம்பு முறிச்சா பீச்சுமே பால், அதும் இருக்குது' என்றார்.

பழுத்த மாம்பழம் என்று அவர் சொல்லவே இல்லை. மாங்காய் இஞ்சி, மாம்பால். பிறகு படித்துப் பார்த்தால் அம்மா மூக்கு ஆய்வுக்கூடம் மாதிரி வேலை செய்திருக்கிறது. மிர்சீன் என்று ஒரு எண்ணெய்ப் பொருள், அமெரிக்க வாசனை ஹாப்ஸ் ரகங்களில் அதுதான் முதலிடம், மாங்காய் இஞ்சியின் வாசனைக்கும் அதுவே முக்கியக் காரணம், மாங்காய்ப் பாலிலும் அது உண்டு. ஆக சிட்ரா தருவது பழுத்த அல்போன்சாவின் தேன் வாசனை இல்லை. மரத்திலிருந்து இப்போதுதான் பறித்த காயின் பச்சை வாசனை, அதன்மேல் எலுமிச்சையும் லிச்சியும். அல்போன்சா மேல் அதைப் போட்டால் பழுத்த பழத்தைக் காயாக்குகிற வேலை. வாசனை போதாத பெங்களூராவின் மேல் போட்டால்? அங்கே அது குறையை நிரப்புகிறது.

கேஸ்கேடை மோந்துவிட்டு 'பம்பளிமாஸ் தோலு' என்றார், சரிதான், உலகமே அதைத்தான் சொல்கிறது. சாஸுக்கு 'வைக்கோல், கொஞ்சம் மிளகு' என்றார். மாண்டரினாவுக்கு யோசிக்காமல் 'கமலா ஆரஞ்சு'. மொசைக்கை மோந்து கொய்யா என்றவர், கொஞ்சம் கழித்து 'வெங்காயம் அரிஞ்ச கையில கொய்யா அரிஞ்சியா' என்று கேட்டார். கேலக்ஸிக்கு மட்டும் அவரிடம் பெயர் இல்லை. ஒரு தடவை ஊட்டிப் பக்கம் போனபோது தாட்பூட்பழம் (பேஷன் ஃப்ரூட்) சாப்பிட்டோமே, அது என்று நான் எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது.

அடுத்த சீசனில் பெரிய தொட்டியைத் தொடுவதற்கு முன்னால் 20 லிட்டர் கேன் இரண்டில் அதே கோதுமை பீரை எடுத்து, ஒன்றில் அல்போன்சா கூழ், ஒன்றில் பெங்களூரா கூழ், பத்துக்கு ஒன்று கணக்கில் கலந்து, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று முடிக்கிற வரைக்கும் விட்டோம். இந்த ஒரு படி முக்கியம். அதற்கு முந்தின வருடம் அவசரப்பட்டுக் கடையில் வாங்கின லாகர் பீரில் கூழைக் கலந்து அதில் ஹாப்ஸைப் போட்டுச் சோதித்தேன். கூழின் இனிப்பு அப்படியே இருந்ததால் எல்லா ஹாப்ஸும் அருமையாக இருந்தது. சர்க்கரை எதையும் மன்னித்துவிடும். தொட்டியில் அந்தச் சர்க்கரை இருக்காது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

நொதித்து முடிந்ததை 650 மில்லி பாட்டிலாகப் பன்னிரண்டு பிடித்து, பாட்டிலுக்கு 2 கிராம் பெல்லட். இதைச் செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பீர் நன்றாகச் சில்லென்று இருக்க வேண்டும், பெல்லட்டை ஒன்றிரண்டாகப் போட வேண்டும். கேஸ் உள்ள பீரில் மொத்தமாகக் கொட்டினால் பொங்கிச் சீறிக்கொண்டு வெளியே வந்துவிடும். முதல் பாட்டில் எனக்குக் கொஞ்சமும் மிச்சமில்லை, சட்டையில் மூன்று நாள் மாங்காய் இஞ்சி வாசனை. குளிர் அறையில் நான்கு நாள் வைத்து, பிறகு பாட்டிலில் நம்பர் மட்டும் ஒட்டி, ஹெட் ப்ரூவர், கிச்சனில் இருக்கிற இரண்டு பேர், பரிமாறுகிற பையன், நான், ஐந்து பேரும் தனித்தனியாக எழுதினோம்.

அல்போன்சாவில் ஜெயித்தது சாஸ். ஐந்தில் நான்கு பேர் முதல் இடம் கொடுத்தார்கள், எதிர்பார்க்காத ஆளான ஹெட் ப்ரூவர் உட்பட. சாஸ் மிகப் பழைய ரகம், ஜாட்டெஸ் ஊரைச் சுற்றிய ஹாப்ஸ் வயல்களை 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பில்ஸ்னர் பீருக்கு என்றே பேர்போனது. பழம் பூ என்று எதுவும் சத்தம் போடாது. மிளகு, காய்ந்த புல், மெல்லிய மூலிகை, அவ்வளவுதான். பழத்துண்டின்மேல் லேசாக உப்பும் மிளகாய்த்தூளும் தூவினால் பழம் இன்னும் பழமாகத் தெரியுமே, அல்போன்சாவுக்கு சாஸ் செய்வது அந்த வேலைதான். வாசனையில் முன்னால் நிற்பது மாம்பழம் மட்டும். விழுங்கின பிறகு தொண்டையில் ஒரு காரத்தின் நிழல். இதே சாஸ் பெங்களூராவில் படுதோல்வி. கூழிலும் வாசனை இல்லை, ஹாப்ஸும் அடக்கம், மொத்தத்தில் மழையில் நனைந்த வைக்கோல்போர். பரிமாறுகிற பையன் அந்த நம்பருக்கு நேராக 'தண்ணி' என்று எழுதியிருந்தான்.

பெங்களூராவில் சிட்ரா முதல் இடம். சிட்ரா 2000-களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்த ரகம், ஆல்ஃபாவே 11 முதல் 13 சதவீதம், எண்ணெயும் தாராளம். பெங்களூராவின் உடம்பும் சிட்ராவின் வாசனையும் சேர்ந்தபோது, காய்க்கும் பழத்துக்கும் நடுவில், அறுத்தால் உள்ளே மஞ்சள் கட்டி லேசாகப் புளிக்கிற செங்காய் இருக்குமே, அது டம்ளரில் வந்து உட்கார்ந்தது. எனக்கு இது அல்போன்சா-சாஸைவிடப் பிடித்தது என்று இங்கே ஒத்துக்கொள்கிறேன், சீட்டில் அப்படி எழுதவில்லை. ஆனால் அளவு மீறக் கூடாது. 3 கிராமில் செங்காய், 5 கிராமில் மாம்பால் வாய்க்குள் பட்ட எரிச்சல்.

கேஸ்கேடுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. 1972-இல் வெளியான ரகம், அமெரிக்க பேல் ஏல் என்ற பீர் வகையையே தூக்கி நிறுத்தியது, இன்றைக்குப் புது ரகங்களுக்கு நடுவில் பழைய அம்பாசிடர் மாதிரி ஆகிவிட்டது. மற்ற அமெரிக்க ரகங்களைவிட விலை கணிசமாகக் குறைவு, எப்போதும் கிடைக்கும். அல்போன்சாவோடு ஒத்துப்போகவில்லை, பம்பளிமாஸ் தோலின் கசப்பு வாசனை பழத்தோடு மல்லுக்கட்டியது. பெங்களூராவோடு அதற்கு ஒரு தனி நட்பு. பஸ் ஸ்டாண்டில் கீறி விற்கிற மாங்காயை எலுமிச்சை பிழிந்து சாப்பிட்ட மாதிரி, நாக்கு ஊறியது. முதலாளி கட்சிக்கு இதுதான் விடை: காசு இறுக்கமா, பெங்களூரா கூழ், கேஸ்கேட். வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாண்டரினா பவேரியா கேஸ்கேடின் மகள். ஜெர்மனியின் ஹூல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கி 2012-இல் விட்டார்கள், ஆல்ஃபா 7 முதல் 10 சதவீதம். இரண்டு கூழிலும் இரண்டாம் இடம். எதிலும் ஜெயிக்கவில்லை, எதிலும் தோற்கவும் இல்லை. வகுப்பில் எல்லாப் பாடத்திலும் எழுபது எடுக்கிற பிள்ளை. கோதுமை பீர் ஈஸ்ட் வாழைப்பழமும் கிராம்புமாக வாசனை விடும், அந்தக் கிராம்போடு கமலா ஆரஞ்சு நன்றாகச் சேர்கிறது. ஒரே ஒரு ரகம்தான் வாங்க முடியும், எந்தக் கூழ் வரும் என்றும் உறுதியில்லை என்ற நிலைமையில் இருக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம்.

மொசைக் 2012-இல் வந்தது, சிம்கோ என்ற ரகத்தின் மகள். கிச்சன்காரர்கள் இருவருக்கும் பிடித்திருந்தது, எனக்கும் ஹெட் ப்ரூவருக்கும் அந்த வெங்காயச் சாயல் உறுத்தியது. ஒரே ரகம், தோட்டத்தைப் பொறுத்தும் அறுவடை நாளைப் பொறுத்தும் கொய்யாவாகவும் வரும் வெங்காயமாகவும் வரும், கொடியில் அதிக நாள் விட்டால் வெங்காயமும் பூண்டும் ஏறும். மோந்து பார்த்து வாங்க வசதி இருக்கிறவர்களுக்குச் சரி. பெங்களூரில் உட்கார்ந்து போனில் ஆர்டர் கொடுக்கிற நமக்கு இது லாட்டரிச் சீட்டு.

கேலக்ஸி நல்ல ஹாப்ஸ், ஆனால் இந்த பீருக்கு இல்லை. தாட்பூட்பழத்தின் வாசனை அவ்வளவு பலமாக இருக்கிறது, இரண்டு கூழும் அதன் முன்னால் வாய் திறக்கவில்லை. அதற்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு. வடக்கு நாடுகளில் ஹாப்ஸ் அறுவடை ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர், அதனால் ஜூனில் நாம் போடுகிற சிட்ராவுக்கு வயது ஒன்பது மாதம். ஆஸ்திரேலியாவில் அறுவடை மார்ச் வாக்கில், ஆகவே நம் மாம்பழ சீசனுக்குக் கேலக்ஸி புதுசாகக் கிடைக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கப்பல், கஸ்டம்ஸ், டீலர் குடோன் எல்லாம் தாண்டி எங்களுக்கு வந்தது முந்தின வருட அறுவடை.

இங்கே ரகத்தைவிடப் பெரிய ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மேலே எழுதின அத்தனையும் ஹாப்ஸ் நல்ல நிலையில் இருந்தால்தான். முதல் சீசனில் ஒரு டீலரிடம் விலை சல்லிசாகக் கிடைக்கிறதே என்று கேஸ்கேட் வாங்கினோம். பாக்கெட்டைத் திறந்ததும் பம்பளிமாஸ் எதுவும் வரவில்லை, ஷூவைக் கழற்றின வாசனை வந்தது. காற்றும் சூடும் பட்டுப் பழசான ஹாப்ஸ் அப்படித்தான் ஆகும், ஆல்ஃபாவும் குறைந்துபோகும், அமிலங்கள் உடைந்து பழைய சீஸ் வாசனை ஏறும். லேபிளில் அறுவடை வருடம் போட்டிருந்தது, நாங்கள்தான் பார்க்கவில்லை, மூன்று வருடப் பழசு. இப்போதெல்லாம் ரகத்தைக் கேட்பதற்கு முன்னால் அறுவடை வருடத்தையும், அதை எங்கே வைத்திருந்தீர்கள் என்பதையும்தான் கேட்கிறேன். 'ஏசி ரூம்ல சார்' என்றால் போதாது, ஃப்ரீசர் வேண்டும். பெல்லட்டை உடைத்தால் உள்ளே பச்சையாக இருக்க வேண்டும், காய்ந்த சாணி நிறம் என்றால் திருப்பி அனுப்பிவிடலாம். பழைய சிட்ராவைவிடப் புது கேஸ்கேட் எத்தனையோ மேல். பாக்கெட்டைத் திறந்து பாதி போட்டுவிட்டு மீதியை ரப்பர் பேண்ட் போட்டு மூடுவதும் வேண்டாம், வேக்குவம் சீலர் மெஷின் ஒன்று வாங்கிவிடுங்கள்.

வேலை முடிந்து தொட்டியடியில் தங்குகிற ஹாப்ஸ் சகதியை எங்கே கொட்டுகிறீர்கள் என்பதிலும் கவனம் தேவை. நாய்களுக்கு அது விஷம், உடம்பு சூடு கட்டுக்கடங்காமல் ஏறிச் செத்துப்போகும் அளவுக்கு. எங்கள் பப்பின் பின்னால் சுற்றுகிற இரண்டு நாய்களுக்கும் மால்ட் சக்கையின் வாசனை பிடிக்கும், அதோடு ஹாப்ஸ் கலந்துவிட்டால் தின்றுவிடும். அதனால் அதற்குத் தனி டிரம், மூடியோடு.

இந்த வருடத்துக்கு என்ன முடிவு என்றால், இரண்டு கட்சியும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. முழு அல்போன்சா போட முதலாளி சம்மதிக்கவில்லை, அதனால் ஜூஸ்காரர்கள் வழியிலேயே 3.1 கிலோ டின்னில் பெங்களூரா பன்னிரண்டு, அல்போன்சா நான்கு, மொத்தம் 50 கிலோவுக்குப் பக்கம். கசப்புக்கு மேக்னம் கால் கிலோ. ட்ரை ஹாப்புக்கு மாண்டரினா ஒரு கிலோ, சிட்ரா அரைக் கிலோ. கூழின் சர்க்கரை முழுக்கத் தீர்ந்த பிறகுதான் ஹாப்ஸ் இறங்கும், நொதிக்கிறபோதே போட்டால் வெளியேறுகிற கேஸ் வாசனையைக் கூடவே தூக்கிக்கொண்டு போய்விடும். ஹெட் ப்ரூவர் சிட்ராவை முக்கால் கிலோவாக்கலாம் என்று இன்னும் முனகுகிறார்.

தனியாக 50 லிட்டர் மட்டும் முழு அல்போன்சாவில், சாஸ் 150 கிராம் போட்டு வைக்கப் போகிறேன், அது மெனுவில் வராது. டின்களைச் சித்தப்பா வியாழக்கிழமை லாரியில் ஏற்றிவிடுகிறேன் என்றிருக்கிறார். 'பில்லுல எழுதறதுக்கு கேக்கறேன், பீருக்குன்னு போடட்டுமா, ஜூஸுக்குன்னு போடட்டுமா' என்று போனில் கேட்டார். மாங்கூழ் என்று மட்டும் போடுங்க சித்தப்பா என்றேன்.